நீல மூடியும் இரண்டாவது குளோரினும்

கணினியில் மூலக்கூறு வரைந்து பிழைக்கிறவர்களுக்கு இரண்டே கவலைகள்: அனுப்பிய கோப்பு அந்தப் பக்கம் திறக்குமா, திறந்தால் வரைந்தது வரைந்தபடியே இருக்குமா. இந்தத் தொழிலில் இல்லாதவர்கள் சிரிக்கலாம். ஆனால் நேர்முகத் தேர்வுக்குக் கொண்டுபோன கடிதத்தில் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக மாறிப்போய் விழித்தவர்களும், கல்யாணப் பத்திரிகையை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, மாப்பிள்ளையின் பெயர் பக்கத்தை விட்டு வெளியே போனதைப் பார்த்தவர்களும் சிரிக்க மாட்டார்கள். அவர்களில் ஒருவரென்றால் நீங்கள் என் இனம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் கேமரன் மலையில், ரிங்லெட் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஆய்வுக்கூடம் என்றால் பெரிதாக எதுவும் நினைத்துவிட வேண்டாம். தொழிற்சாலைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு தராசு, ஈரப்பதம் பார்க்கும் கருவி, ஒரு கணினி, நான். வேதியியல் படித்தவள் என்பதால் தோட்டத்தில் அடிக்கிற மருந்துகளுக்கெல்லாம் ஆவணம் தயாரிக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது.

எங்கள் தேயிலைத் தூளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஒரு நிபந்தனை போட்டிருந்தது. மருந்தின் பெயர் வேண்டாம், பெயர் ஊருக்கு ஊர் மாறும். ஒவ்வொரு மருந்தின் கட்டமைப்பு வாய்பாட்டையும், அதாவது எந்த அணு எந்த அணுவோடு சேர்ந்திருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் வரைபடத்தை, ஆவணத்துக்குள்ளேயே வரைந்து அனுப்ப வேண்டும். வெறும் படமாக இருக்கக் கூடாது. அவர்களுடைய கணினி திறந்து படித்துக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும். அதற்கென்றே ஒரு மென்பொருள் வாங்கிக் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் வேலையையும் வீட்டையும் பறித்துவிட முடியும் என்று அதன் கையேட்டில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

நீல மூடி, மஞ்சள் மூடி

அந்தப் பெண் பாக்கியம் அக்கா. மருந்தடிக்கும் குழுவின் கங்காணி. அவர் குழுவில் இரண்டு நேப்பாளிகள், மூன்று வங்காளதேசத்துக்காரர்கள், ஓர் இந்தோனேசியப் பெண். ஆறு பேருக்கும் பொதுவாக ஓர் எழுத்து கிடையாது. அதனால் அக்கா மருந்துகளை மூடியின் நிறத்தை வைத்தே பிரித்துவிட்டார். நீல மூடி என்றால் புல் மருந்து. மஞ்சள் மூடி என்றால் இலையில் வரும் சிவப்புச் சிலந்திக்கு. அவருடைய நோட்டுப் புத்தகத்தில் தினமும் தேதி, எந்த மலை, அதற்குப் பக்கத்தில் வண்ணப் பென்சிலால் ஒரு வட்டம். அவ்வளவுதான். ஆறு பேரும் புரட்டிப் பார்த்துச் சரி சொல்வார்கள்.

ஒரு நாள் காலிக் கலன்களை ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டு என் அறைக்குள் எட்டிப் பார்த்தார். திரையில் நீல மூடி மருந்தின் வாய்பாடு இருந்தது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இதோ பாருங்கள் அக்கா, இந்த ஆறு மூலை வளையம்தான் உடம்பு, இதில் ஒட்டிக்கொண்டிருக்கிற இந்த இரண்டும் குளோரின், இந்த இரண்டும் இருந்தால்தான் இது நீல மூடி, ஒன்று குறைந்தாலும் வேறு மருந்து என்று வகுப்பே எடுத்துவிட்டேன். கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். பிறகு, தோட்டத்தில் எழுத்து வேலை பார்க்கிற எல்லோரையும் போல என்னையும் கிராணி ஆக்கிச் சொன்னார்:

"டப்பால மண்டை ஓடு போட்டா எங்க ஆளுங்க ஆறு பேருக்கும் வெளங்குது. இது யாருக்கு வெளங்கணும்னு வரையிறீங்க, கிராணியம்மா?"

சிவப்புக் கட்டம்

மென்பொருளுக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. வரைந்ததில் ஏதாவது சந்தேகம் என்றால் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கட்டம் போடும். ஒட்ட வேண்டியது ஒட்டாமல் இருந்தால் போடும். அதற்குப் புரியாத சுருக்கம் எழுதினாலும் போடும். பாதி நேரம் அது முணுமுணுப்பதற்குக் காரணமே இருக்காது. மாமியார் இல்லாத எனக்கு அந்தக் குறையைத் தீர்த்து வைத்தது.

மாதக் கூட்டத்தில் என் ஆவணத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினேன். எங்கள் மேனேஜர், தொழிலாளர்களுக்குத் துரை, நேரில் எனக்கு சார், பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்று இடத்தில் சிவப்புக் கட்டம். இதெல்லாம் பெரிய பிழை இல்லை சார், எச்சரிக்கைதான் என்றேன். அவர் முகம் மாறவில்லை. அவருக்குப் படிவம் என்றால் ஓரம் நேராக இருக்க வேண்டும், கோடுகள் சமமாக இருக்க வேண்டும், கறை தெரியக் கூடாது. அன்று மதியமே அந்த மூன்று இடத்தையும் திருத்திவிட்டு, இனி வரவே கூடாது என்று அமைப்புகளுக்குள் தேடி எச்சரிக்கையையே நிறுத்தினேன். எனக்கும் தொல்லை விட்டது என்று நிம்மதியாகத்தான் இருந்தது. அவர் சொன்னது இதுதான்:

"செவப்பு இருந்தா பாக்குறவன் தப்புன்னு நெனைப்பான்லா, மிஸ் தேவி. எடுத்துடுங்க."

செல்வத்தின் கட்டைவிரல்

முதல் தடவை அனுப்பிய கோப்பு அந்தக் கம்பெனியின் கோலாலம்பூர் அலுவலகத்தில் திறந்தது. ஆனால் பதினொரு பக்கத்திலும் வாய்பாடு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் கட்டம். வாங்குகிற கம்பெனியின் தர அதிகாரி டாக்டர் மாலதி போனில் பொறுமையாகத்தான் பேசினார். அவர்களிடம் இருப்பது அதே மென்பொருளின் பழைய பதிப்பாம். பழையதற்குப் புதியது தெரியாது. வீட்டுக்கு வீடு நடப்பதுதான்.

நான் எல்லாவற்றையும் பழைய பதிப்புக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். அதற்குள் ஸ்டோர் கிராணி செல்வம் உதவி செய்கிறேன் என்று வந்து, என் திரையைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்து நேராக டாக்டர் மாலதிக்கே அனுப்பிவிட்டார். பதினொரு படத்திலும் மூலையில் அவர் கட்டைவிரல். டாக்டர் மாலதி என்னைக் கூப்பிட்டு, இது உங்கள் தோட்டத்து வழக்கமா என்று கேட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. செல்வம் மட்டும் அசரவில்லை:

"படம் தெளிவா இருக்குலா, மிஸ். என் வெரலு மட்டும் கெமிக்கல் இல்லன்னு சொல்லிருங்க."

காதர் பாய் கடையில்

திருத்திய கோப்பு அன்று மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பருவத்துக்கான கொள்முதல் தள்ளிப் போகும் என்று துரை இரண்டு தடவை சொல்லிவிட்டார். மூன்று மணிக்குப் பனிமூட்டம் இறங்கியது, மழை பிடித்தது, தோட்டத்தில் இணையம் போனது. கணினியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு காரில் ரிங்லெட்டுக்கு இறங்கினேன். அங்கே காதர் பாய் சாப்பாட்டுக்கடையில் மட்டும் எந்த மழைக்கும் இணையம் படுக்காது.

ரொட்டிக் கல்லுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து கடைசியாக ஒரு தடவை புரட்டினேன். பழைய பதிப்புக்கு மாற்றியதில் அட்டவணையின் ஓரம் குறுகிவிட்டிருந்தது. ஏழாவது பக்கத்தில், நீல மூடி மருந்தின் இரண்டாவது குளோரின் அட்டவணைக் கோட்டின் மேல் ஏறி நின்றது. பார்க்கக் கண்றாவியாக இருந்தது. முழுப் படத்தையும் சுருக்கி மறுபடி வைக்க நேரம் இல்லை. அந்தக் குளோரினை மட்டும் அழித்தேன். சாதாரணக் கோடு போடும் கருவியால் குட்டையாக ஒரு கோடு போட்டேன். அதன் நுனியில் தனியாக ஓர் எழுத்துப் பெட்டி வைத்து 'சி-எல்' என்று தட்டினேன். முன்னைவிட அழகாக வந்தது. என் அம்மாவுக்கே வித்தியாசம் தெரியாது, எனக்கே தெரியவில்லை. எந்தச் சிவப்புக் கட்டமும் வரவில்லை, நான்தான் நிறுத்தி வைத்திருந்தேனே.

மணி நாலு ஐம்பது. தேத்தண்ணீர் கொண்டுவந்த காதர் பாய் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஜோரா இருக்கும்மா. ஒரு கோடுகூட கோணல் இல்ல. அனுப்பிட்டு சாப்பிடுங்க, ரொட்டி ஆறுது."

பட்டியலில் இல்லாத மருந்து

ஆறு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை துரை என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். அவர் கதவைச் சாத்தச் சொல்லி நான் பார்த்ததே இல்லை. செல்வம் ஏற்கனவே உள்ளே இருந்தார். மேசை மேல் டாக்டர் மாலதியின் மின்னஞ்சல் அச்செடுத்துக் கிடந்தது. எங்கள் பன்னிரண்டாம் நம்பர் மலைத் தூளைப் பரிசோதித்ததில் ஒரு களைக்கொல்லி தென்பட்டிருக்கிறது. பெயர் போடவில்லை, அவர்கள்தான் பெயரையே பார்ப்பதில்லையே. அளவு அதிகம் இல்லை. ஆனால் நாங்கள் கொடுத்த பட்டியலில் அந்த மருந்தே இல்லை. சொல்லாத மருந்தை அடித்த தோட்டத்தின் தூளை அவர்கள் வாங்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் கிள்ளான் துறைமுகத்தில் நிற்கும் சரக்கு திரும்பிவிடும்.

"பாக்கியம் வீட்டுக்காரர் திரிங்காப்புல காய்கறி லோரி ஓட்டுறார் சார்," என்றார் செல்வம். "அங்க காய்கறித் தோட்டத்துக்கு வேற மருந்து இருக்கும். மிச்சத்த கொண்டாந்து அடிச்சா வேலை சீக்கிரம் முடியும்லா." ஆதாரம் என்று எதுவும் இல்லை. ஆனால் ஒரு லோரி இருக்கிறது, ஒரு திரிங்காப் இருக்கிறது, பரிசோதனைத் தாளில் ஒரு மருந்து இருக்கிறது. மூன்றையும் சேர்த்துக் கோடு போட அந்த அறையில் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போகும். வேலை போனால் தோட்டத்து வீடு போகும், ஒரு மாதம்தான் கெடு. அக்காவின் மகள் இந்த வருஷம் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதுகிறாள்.

நான் ஒரு தடவை நம் கோப்பைப் பார்த்துவிடட்டுமா என்று கேட்டேன். துரை அச்செடுத்த பிரதியை என் பக்கம் திருப்பினார். ஏழாவது பக்கத்தில் இரண்டு குளோரினும் ஓரம் பிசகாமல் நின்றன. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"உங்க ஃபைல் பெர்ஃபெக்ட்லா, மிஸ் தேவி. கோளாறு எல்லாம் ஆளுங்ககிட்டதான்."

வண்ண வட்டங்கள்

புதன்கிழமை மாலை பாக்கியம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவருடைய நோட்டுப் புத்தகங்களை விசாரணைக்கு வாங்கி வரச் சொல்லி துரைதான் அனுப்பினார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு. மகள் உள்ளறையில் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் இரண்டு அட்டைப் பெட்டிகள் திறந்து கிடந்தன. ஒன்றில் பாத்திரங்கள் பாதி ஏறியிருந்தன. வீட்டுக்காரர் லெம்பா பெர்த்தாம் பக்கம் வாடகைக்கு அறை விசாரித்துக்கொண்டிருக்கிறாராம். குற்றம் இன்னும் சொல்லப்படவே இல்லை, அதற்குள் பாத்திரங்கள் பெட்டிக்குள் போய்விட்டன. எனக்கு அந்தப் பெட்டியைப் பார்க்கவே முடியவில்லை.

அக்கா உட்காரச் சொல்லவில்லை. நோட்டுப் புத்தகங்களை எடுத்து மேசையில் வைத்தார். நின்றபடியே புரட்டினேன். பன்னிரண்டாம் நம்பர் மலைக்கு நேரே நீல வட்டம், மஞ்சள் வட்டம், மறுபடி நீல வட்டம். வேறு நிறமே இல்லை. ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில் அந்த நாளின் காலிக் கலன் எண்ணிக்கை, ஸ்டோரில் செல்வமே போட்ட கையெழுத்து. இவ்வளவையும் பார்த்த பிறகும் என் வாய் சும்மா இருக்கவில்லை. வெளி மருந்து எதுவும் கலந்ததா அக்கா என்று கேட்டுவிட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. உள்ளறையில் படிக்கிற சத்தம் நின்றுவிட்டிருந்தது.

"வெளி மருந்து அடிச்சேன்னு துரை சொல்றாரா, இல்ல ஒங்க பொட்டி சொல்லுதா? துரைன்னா நான் பேசிக்கிறேன். பொட்டின்னா நீங்க அதையே கேளுங்க, அது எங்க நின்னு பாத்துச்சுன்னு."

இழுத்துப் பார்த்தது

வியாழக்கிழமை காலை முதல் வேலையாக டாக்டர் மாலதிக்குப் போன் செய்தேன். பரிசோதனையில் கிடைத்தது எது என்று கேட்டேன். அவர் படிக்கப் படிக்க என் முதுகு நிமிர்ந்தது. ஆறு மூலை வளையம், இரண்டு குளோரின், வாலில் ஓர் அமிலம். அது எங்கள் நீல மூடிதான் டாக்டர், ஏழாவது பக்கத்தில் இருக்கிறதே என்று கத்தியேவிட்டேன்.

"ஏழாவதுல ஒரு குளோரின்தானேம்மா இருக்கு," என்றார். ரெண்டு இருக்கு டாக்டர், நான் பார்த்துக்கொண்டே பேசுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. "இப்பதான் நானே பக்கத்தைத் திறந்து பாக்குறேன். கண்ணுக்கு ரெண்டு தெரியுது. ஆனா எங்க சிஸ்டம் படத்தைப் பாக்காதும்மா. எது எதோட சேந்திருக்குன்னு மட்டும்தான் எண்ணும். ரெண்டாவது எதோடயும் சேரல. கூட வந்த உப்பு ஏதோன்னு நெனச்சு ஒதுக்கி வச்சிருக்கு."

போனை வைத்தேன். சுட்டெலியை வளையத்தின் மேல் வைத்து மெதுவாக இழுத்தேன். வளையம் நகர்ந்தது. முதல் குளோரின் கூடவே வந்தது. இரண்டாவது குளோரின், குட்டைக் கோட்டோடு, இருந்த இடத்திலேயே நின்றது. அமைப்புகளுக்குள் போய்ச் சிவப்பு எச்சரிக்கையை மறுபடி இயக்கினேன். மற்ற பத்துப் பக்கத்திலும் ஒன்றும் இல்லை. ஏழாவது பக்கத்தில் மட்டும், நான் காதர் பாய் கடையில் அழகாகத் தட்டி வைத்த இரண்டு எழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கட்டம் வந்தது.

அக்கா தப்பித்தார் என்ற சந்தோஷமும் நான் மாட்டினேன் என்ற பயமும் ஒரே நேரத்தில் வந்தன. உண்மையைச் சொன்னால், பயம்தான் முதலில் வந்தது. என் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கும் தாள் துரை மேசையில் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த செல்வத்துக்கும் இழுத்துக் காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. திரிங்காப் லோரியைக் கொண்டுவந்து நிறுத்தியவர் அவர்தானே. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"சொஃப்ட்வேர் மேல போட்டுருங்க, மிஸ். அது வந்து சாட்சி சொல்லவா போவுது?"

வெள்ளிக்கிழமை பத்து மணி

அதே கூட்ட அறை, அதே சுவர். பாக்கியம் அக்கா கோயிலுக்குக் கட்டுகிற சேலையில் வந்திருந்தார். வெளியே வீட்டுக்காரர் லோரியை ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். துரை குற்றச்சாட்டை வாசிக்க ஆரம்பித்தார். நான் எழுந்து, அதற்கு முன்னால் ஒன்று காட்ட வேண்டும் சார் என்றேன்.

ஏழாவது பக்கத்தைச் சுவரில் பெரிதாக்கினேன். வளையத்தைப் பிடித்து இழுத்தேன். அது சுவரின் அந்த ஓரத்துக்குப் போய்விட்டது. இரண்டாவது குளோரின் நடுச்சுவரில் தனியாக நின்றது. டாக்டர் மாலதியைப் போனில் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். பரிசோதனையில் கிடைத்தது நீல மூடி மருந்துதான், அளவும் அனுமதிக்கு உட்பட்டதுதான், திருத்திய கோப்பு வந்தால் சரக்கை விடுவித்துவிடலாம் என்று அவர் சொல்லிவிட்டார். துரையின் முகத்தில் நான்கு நாளாக இல்லாத வெளிச்சம் வந்தது. "அப்ப இது சொஃப்ட்வேர் ப்ரொப்லம்லா?" என்று அவரே கேட்டார். நான் தப்பிக்கிற கதவை அவரே திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார், நான் வெளியே நடந்தால் போதும். செல்வம் என்னைப் பார்த்தார்.

முந்தின நாள் முழுவதும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். மென்பொருள் கோளாறு என்று சொல்லிவிட்டால், அடுத்த தடவை ஏதாவது நடக்கும்போது, அன்றைக்கும் கோளாறுதானே என்று ஒரு சிரிப்பு வரும். பாக்கியம் அக்கா மேல் பாதிச் சந்தேகம் மிஞ்சியே இருக்கும். "இல்ல சார். நான் வச்சது. கோட்டு மேல ஏறி அசிங்கமா இருக்குன்னு, நேரா தெரியறதுக்காக நான்தான் தனியா எழுதி வச்சேன். எச்சரிக்கையையும் நான்தான் நிறுத்தினேன்" என்றேன். சிவப்பை எடுக்கச் சொன்னது யார் என்று நான் சொல்லவில்லை. துரை கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்ததைப் பார்த்தால் அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது என்று தெரிந்தது.

பாக்கியம் அக்கா எழுந்து சுவர்ப் பக்கம் நடந்தார். வெளிச்சம் அவர் சேலை மேல் விழுந்தது. தனியாக நின்ற அந்த இரண்டு எழுத்தின் மேல் விரலை வைத்து எங்கள் மூன்று பேரையும் திரும்பிப் பார்த்தார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்த என் புத்தியை எதால் அடிப்பது என்று தெரியவில்லை.

"இது அங்க ஒட்டாம நின்னதுக்கு நான் வீட்ட விட்டுப் போவணுமா?"

பதினொரு தடவை

சரக்கு கப்பலேறியது. என் ஒப்பந்தத்தை ஆறு மாதத்துக்கு மட்டும் நீட்டித்தார்கள், கூடவே ஓர் எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. துரை பாக்கியம் அக்காவிடம் வேலைக்குப் போகுமுன் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார், அதற்கு ஒரு மனசு வேண்டும். செல்வம் அக்காவின் காலிக் கலன்களை இப்போது எழுந்து நின்று வாங்குகிறார். அக்கா மட்டும் என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. எதிரே வந்தால் தேயிலைச் செடியைப் பார்த்துக்கொண்டு போனார். அது எனக்குக் கடிதத்தைவிட வலித்தது, நியாயம்தான் என்று தெரிந்தும் வலித்தது.

அடுத்த பருவத்துக்கான கோப்பை அனுப்ப வேண்டிய நாள் வந்தது. காலை எட்டு மணிக்கு அக்கா என் அறைக்குள் வந்தார். கையில் நோட்டுப் புத்தகம், வண்ணப் பென்சில் டப்பா. நான் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "இழுங்க" என்றார். முதல் பக்கத்து மருந்தை இழுத்தேன். எல்லாம் சேர்ந்து வந்தன. நோட்டில் ஒரு குறி போட்டார். "அடுத்தது." வேதியியல் செய்முறைத் தேர்வில்கூட எனக்கு இப்படி வியர்த்ததில்லை. ஒவ்வொரு வாய்பாட்டுக்கும் பக்கத்தில் மூடியின் நிறத்தில் ஒரு வட்டம் போடவும் சொன்னார், போட்டேன். டாக்டர் மாலதி அதைப் பார்த்துவிட்டு, மற்ற தோட்டங்களுக்கும் இதையே சொல்லப் போவதாக எழுதினார்.

ஏழாவது பக்கம் வந்ததும் அக்கா நாற்காலியை இன்னும் கிட்டே நகர்த்தினார். நான் வளையத்தை இழுத்தேன். இரண்டு குளோரினும் வளையத்தோடு வந்தன. முடிந்தது என்று கையை எடுத்தேன். அவர் குறி போடவில்லை. பென்சிலைப் பிடித்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ இழுங்க, கிராணியம்மா. எம் பொண்ணு பரிச்ச முடியிற வரைக்குமாச்சும் எனக்கு அந்த வீடு வேணும்."

இப்போதெல்லாம் கணினியில் எதைப் பார்த்தாலும் முதலில் இழுத்துப் பார்த்துவிடுகிறேன்: எனக்கு மின்னஞ்சலில் வந்த எச்சரிக்கைக் கடிதத்தில் துரையின் கையெழுத்துகூட, சொன்னால் நம்புங்கள், தனியாக ஒட்டி வைத்த படம்தான்.